பெயர் எழுதுவதுதான் லீடர் வேலையா?

மாணவர் தலைமை பற்றியும், பள்ளியில் பிள்ளைகளின் குரல் எவ்வளவு எடுபடுகிறது என்பது பற்றியும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

நான் எங்கள் கிளாஸ் லீடர். டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரை போர்டில் எழுத வேண்டும். எழுதினால் தோழிகள் என்னோடு பேசுவதில்லை. எழுதாவிட்டால் எனக்குத் திட்டு விழுகிறது. லீடர் என்றால் இவ்வளவுதானா?
— எட்டாம் வகுப்பு மாணவி, அஞ்செட்டி

இல்லை. வகுப்பை அமைதியாக வைத்திருப்பது ஆசிரியரின் பொறுப்பு. அதை உங்கள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். பெயர் எழுதும் வேலையில் நியாயமாக நடந்துகொள்ள யாராலும் முடியாது. நேற்று சண்டை போட்டவளின் பெயர் முதலில் வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் பெயர் மணி அடிப்பதற்குள் அழிந்துபோகும். அந்தப் பட்டியலைப் பார்த்து அடி விழுந்தால் அதில் உங்களுக்கும் பங்கு வந்துவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் ஆசிரியருக்கே தராத அதிகாரத்தை ஆசிரியர் உங்களுக்குத் தர முடியாது.

இதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம். ஆசிரியர் தனியாக இருக்கும்போது, மாற்று யோசனையோடு போங்கள். "மிஸ், ஃப்ரீ பீரியடுக்கு ஐந்து கணக்கு கொடுத்துவிட்டுப் போங்கள். நான் போர்டில் எழுதிப் போடுகிறேன். முடிக்காதவர்களை நீங்களே வந்து பாருங்கள்" என்று கேளுங்கள். வேலை இல்லாத வகுப்புதான் இரைச்சல் போடும். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

லீடருக்கு உண்மையான வேலைகள் இருக்கின்றன. உடைந்த பெஞ்ச், எரியாத விளக்கு, ஓடாத ஃபேன் ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதிக் கொடுப்பது ஒன்று. வகுப்பின் கேள்வியை மாணவர் மன்றத்துக்குக் கொண்டுபோய், அங்கே கிடைத்த பதிலைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவருவது இன்னொன்று. தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடம் சொல்வது மூன்றாவது. நம் பக்கத்தில் இந்த மூன்றாவது வேலை மிக முக்கியம். பெற்றோரோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கலாம், வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். 18 வயதுக்குள் கல்யாணம் என்று காதில் விழுந்தால் நீங்கள் நேரில் போய் விசாரிக்க வேண்டாம். நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். அது இலவச எண்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் 480 பிள்ளைகள். ஒவ்வோர் ஆண்டும் முதல் மார்க் வாங்கியவரையே பள்ளி மாணவர் தலைவராக அறிவித்துவிடுகிறோம். இந்த ஆண்டு தேர்தல் வைக்க ஆசை. "ஊர்ச் சண்டையைப் பள்ளிக்குள் இழுத்து வராதீர்கள்" என்று சக ஆசிரியர்கள் தடுக்கிறார்கள். எப்படி நடத்தலாம்?
— ஆசிரியர், பாலக்கோடு

சக ஆசிரியர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஏற்பாடு இல்லாமல் தேர்தல் வைத்தால் பிள்ளைகள் தெருவையும் சாதியையும் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள். அதைத் தடுக்கும் வழி ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

முதலில், தலைமையை ஒரே ஆளிடம் குவிக்காதீர்கள். ஒரு மாணவர், ஒரு மாணவி என இரண்டு தலைவர்கள், ஒவ்வொருவருக்கும் தனி வாக்குச்சீட்டு. பொதுத்தேர்வு இருப்பதால் பத்தாம் வகுப்பை விட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து தேர்ந்தெடுங்கள். அதற்கும் முன்னால் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மாணவர், ஒரு மாணவி எனப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். 12 பிரிவுகள் என்றால் 24 பேர், தலைவர்களோடு 26. இவர்கள்தான் மாணவர் மன்றம். வட்டமாக உட்கார்ந்து பேச இந்த எண்ணிக்கை சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் கூட்டம் பேச்சுப் போட்டியாகிவிடும். ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் சம இடம் கொடுத்தால்தான் பெரிய பிள்ளைகளின் ஆதிக்கம் குறையும்.

அரசுப் பள்ளிகளில் 2024-இல் வந்த மகிழ் முற்றம் என்ற மாணவர் அணி அமைப்பு இதற்குக் கைகொடுக்கும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து அணிகளுக்கும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரே அணியில் சேர்ந்தால் அந்த அணி ஊரின் பெயரைச் சுமக்கத் தொடங்கிவிடும். அணியின் நிறம் பேட்ஜில் இருக்கட்டும், மணிக்கட்டுக் கயிற்றில் வேண்டாம். பள்ளிகளில் சாதிப் பூசலைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது ஏன் என்று பிள்ளைகளிடமே பேசுங்கள்.

ஜூலையில் பத்து வேலை நாள் ஒதுக்குங்கள். முதல் மூன்று நாள் மனுத் தாக்கல். முன்மொழிகிறவர் வேறு பிரிவிலும், வழிமொழிகிறவர் வேறு வகுப்பிலும் இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். தன் தெருப் பிள்ளைகளை மட்டும் நம்பி நிற்பவர் அங்கேயே தடுமாறுவார். மார்க், வருகைப்பதிவு என்று தகுதி எதுவும் வைக்காதீர்கள். மார்க்கை அளவாக வைத்தால் பழைய முறைக்கே திரும்பிவிடுவீர்கள்.

பிரச்சாரம் பள்ளி வளாகத்துக்குள் மட்டும்தான். ஒருவருக்கு இரண்டு சார்ட் போதும். ஊருக்குள் போஸ்டர், வாட்ஸ்அப், மிட்டாய் எதற்கும் இடமில்லை. எல்லா வேட்பாளர்களிடமும் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பள்ளியில் மாற வேண்டியது எது? பணம் இல்லாமல் அதில் எவ்வளவு செய்ய முடியும்? முடியாதென்று தலைமையாசிரியர் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஆளுக்கு இரண்டு நிமிடம். மேடையில் பேச வராத, ஆனால் வேலை செய்யத் தெரிந்த பிள்ளை பதிலை எழுதிக்கொடுக்கட்டும், வேறொருவர் படிக்கலாம்.

சின்னத்துக்கு அளவுகோல், காம்பஸ் பெட்டி, பள்ளி மணி, ரப்பர் போன்றவை போதும். மாம்பழ ஊர்தானே என்று மாம்பழத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அது கட்சிச் சின்னம். சூரியன், இலை, கை, பானைக்கும் இதே எச்சரிக்கை.

வாக்குச்சீட்டுக்கு ஏ4 தாளை எட்டாக வெட்டுங்கள். 480 பேருக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு என்றால் 960 சீட்டு, அதாவது 120 தாள். கெட்டுப்போனால் மாற்றித்தர இன்னும் ஐந்து தாள் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர் தலைவருக்கு வெள்ளை, மாணவித் தலைவருக்கு மஞ்சள். கடைசி வரிசையில் "யாருக்கும் இல்லை" என்று ஓர் இடம். அதற்கே அதிக ஓட்டு விழுந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். நான்கு சாவடி, ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறைப்புக்கு மேசை மேல் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினாலே போதும். வருகைப் பதிவேட்டின் நகலில் டிக் செய்து, விரலில் மார்க்கர் மை வையுங்கள். ஆசிரியரின் செல்போனில் ஓட்டுப் போட வைப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் போன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு தெரிந்துவிடும் என்று பிள்ளைகள் நினைத்தாலே ரகசியம் போய்விட்டது.

எண்ணும்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு முகவர் உடனிருக்கட்டும். ஐம்பது ஐம்பதாகக் கட்டுங்கள். சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல், நாட்டின் தேர்தல் சட்டத்திலும் அதுதான் முறை. எண்ணிக்கையை வேட்பாளர்களிடம் காட்டுங்கள், மைக்கில் மட்டும் வாசிக்காதீர்கள். ஏழு ஓட்டு வாங்கிய பிள்ளையை ஆண்டு முழுக்க "ஏழு" என்றே கூப்பிடுவார்கள். தோற்றவர்களை இலக்கிய மன்றம், ஜூனியர் ரெட் கிராஸ், பசுமைப் படை ஆகியவற்றில் அந்த வாரமே பொறுப்பில் அமர்த்துங்கள். முன்வந்து நின்ற பிள்ளையின் துணிவை வீணாக்கக் கூடாது.

எங்கள் பள்ளியில் பதவியேற்பு விழா பிரமாதமாக நடக்கும். சாஷ், பேட்ஜ், கொடி எல்லாம் உண்டு. அதற்குப் பிறகு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. இதை மாணவர் தலைமை என்று சொல்லலாமா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், ஓசூர்

நீங்கள் கேட்டதையே ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். எட்டுப் படிகள். பிள்ளைகளைக் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குக் கருத்துக் கேட்பது ஆகிய கீழ் மூன்று படிகளையும் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுக்கவில்லை. பூங்கொத்து இரண்டாம் படி. பிள்ளைகளே ஒன்றைத் தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது எட்டாம் படி. ஒரே தாவலில் அங்கே போக முடியாது. நான்காம் படியான "வேலையைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி ஒப்படைப்பது" என்பதற்கு வந்தாலே உங்கள் பள்ளியில் பெரிய மாற்றம் தெரியும்.

இது சலுகை கேட்பதாகாது. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை தருகிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. முதல்வரிடம் ஒரே ஒரு விஷயத்தை எழுதிக் கேளுங்கள்: மாதம் ஒரு முறை 40 நிமிடம், மூன்றே பொருள், அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில். சாஷுக்குச் செலவாகும். இதற்கு ஒரு நோட்டு போதும்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட மாணவர் மனசு பெட்டி வைத்திருக்கிறோம். திறந்தால் பட்டப்பெயரும் கிண்டலும்தான் வருகின்றன. சில மாதம் காலியாகவே கிடக்கிறது. என்ன தவறு செய்கிறோம்?
— தலைமையாசிரியர், அரூர்

பெட்டி எங்கே இருக்கிறது, பதில் எங்கே வருகிறது என்று இரண்டையும் பாருங்கள். உங்கள் அறை வாசலிலோ கேமரா பார்வையிலோ இருந்தால் யாரும் அருகில் வரமாட்டார்கள். குடிநீர்க் குழாய்க்குப் போகும் வழியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும்படி நான்கடி உயரத்துக்குள் வையுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் தாள் வைத்தால் எழுதுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். வாரம் ஒரு நாள் எல்லா வகுப்பிலும் எல்லோருக்கும் கால் தாள் கொடுத்து, எழுத எதுவும் இல்லாதவரையும் வெற்றுத்தாளை மடித்துப் போடச் சொல்லுங்கள். அப்போது யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்தை வைத்து ஆளைத் தேடும் வேலையை ஒரு முறை செய்தால்கூட அந்த ஆண்டுக்குப் பெட்டி செத்துப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டல் வருவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இந்தப் பெட்டியை யாராவது படிக்கிறார்களா என்று பிள்ளைகள் சோதித்துப் பார்க்கிறார்கள். பதில் பலகை வைத்துப் பாருங்கள், கிண்டல் தானாகவே குறையும். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கள்கிழமை, மூன்று கட்டம்: முடிந்தது, இந்தத் தேதிக்குள் முடியும், முடியாது – காரணம் இது. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "முடியாது" என்று காரணத்தோடு சொல்வதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். மௌனத்தை ஏற்கமாட்டார்கள். வடக்கு அயர்லாந்தின் ஆய்வாளர் லாரா லண்டி 2007-இல், பிள்ளைகளின் குரலுக்குப் பேச இடம், பேச்சு, கேட்பவர், விளைவு என நான்கும் வேண்டும் என்று எழுதினார். நம் பள்ளிகளில் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பலகை கூடாது. தொடுதல், பாலியல் தொந்தரவு, அடி, வீட்டுக் கொடுமை பற்றிய சீட்டு வந்தால் மாணவர் மன்றத்தின் கண்ணில் படவே கூடாது. ஆகவே பெட்டியை மாணவர்கள் திறக்க வேண்டாம். மாணவர் பாதுகாப்புக்கெனப் பள்ளியில் இருக்கும் குழுவினர் இருவர் சேர்ந்து திறக்கட்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பாலியல் குற்றம் என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் விடுவது போக்சோ சட்டப்படி குற்றம். முதலில் பள்ளிக்குள் விசாரித்து முடிப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவிக்கான 1098 இரண்டையும் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் என் மகள் மன்றத் தலைவியாக ஜெயித்திருக்கிறாள். படிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— தாய், காரிமங்கலம்

மாதம் இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு 40 நிமிடம், வெளி வேலைக்கு இன்னொரு இரண்டு மணி நேரம். மாதத்துக்கு நான்கு மணி நேரம்கூட ஆகாது அம்மா. விழா நாட்களில் நாற்காலி அடுக்கவும் டீ கொண்டுபோகவும் வகுப்பிலிருந்து கூப்பிடுவதுதான் படிப்பைக் கெடுக்கும். அது தலைவி வேலை இல்லை. பாட நேரத்தில் வெளியே அனுப்புகிறார்களா என்று வாரம் ஒரு முறை கேளுங்கள். அனுப்பினால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு உங்களைப் போன்ற பெற்றோர்தான்.

எங்கள் பள்ளிக்கு மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் அதிகம். பலர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள். மன்றத்தில் எல்லாப் பொறுப்பும் ரோட்டோர ஊர்ப் பிள்ளைகளுக்கே போகிறது.
— ஆசிரியை, தளி

கூட்டம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். மாலை மணி அடித்த பிறகு வைத்தால் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பிள்ளை வரவே முடியாது. யானை நடமாட்டம் உள்ள பாதையில் இருட்டிய பிறகு எந்தப் பெற்றோரும் அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பீரியடுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு கிழமையில் வைத்தால் ஒரே பாடம் திரும்பத் திரும்ப அடிபடாது.

வகுப்புப் பிரதிநிதியோடு வழித்தடப் பிரதிநிதி என்று ஒரு பொறுப்பை உருவாக்குங்கள். பஸ் வராத நாள், தாமதமான நிமிடம், நிறுத்தாமல் போன நிறுத்தம் ஆகியவற்றை அவர் தேதியோடு குறிக்கட்டும். ஒரு மாதக் குறிப்பை வைத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுதினால் அந்த மனுவுக்குக் கனம் வந்துவிடும். மன்றத்தில் எந்த மொழியிலும் பேசலாம், பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொல்லட்டும், குறிப்பு மட்டும் தமிழில் எழுதப்படும் என்று முதல் கூட்டத்திலேயே அறிவியுங்கள். மொழிபெயர்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அன்றே மதிப்பு கூடிவிடும்.

எங்கள் பள்ளியில் குடிதண்ணீர்க் குழாய் போதவில்லை. மன்றத்தில் மூன்று முறை சொல்லியாயிற்று. "பார்க்கலாம்" என்கிறார்கள். அடுத்து என்ன செய்வது?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், பென்னாகரம்

"போதவில்லை" என்பதை எண்ணாக மாற்றுங்கள். ஒரு பாட்டில் நிரம்ப எத்தனை விநாடி என்று ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு குழாய், பத்து நிமிட இடைவேளை என்றால் 120 பேருக்கு மட்டுமே தண்ணீர் கிடைக்கும். 310 பேர் படித்தால் மீதி 190 பேர் தாகத்தோடு வகுப்புக்குத் திரும்புகிறார்கள். இந்தக் கணக்கின் முன் "பார்க்கலாம்" என்று சொல்வது கடினம். இன்னொன்றும் தெரியும்: செலவில்லாமல் இடைவேளையை இரண்டு பிரிவாகப் பிரித்தால் 240 பேர் குடிக்கலாம். அதையும் கோரிக்கையில் சேருங்கள்.

அந்தக் குழாயில் வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா, போர் தண்ணீரா என்று கேளுங்கள். நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் 2013-இல் அந்தத் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. போர் தண்ணீர் என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரியைச் சோதிக்கும்படி தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள்.

பிறகு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள்: அளந்த தேதி, கணக்கு, இரண்டு கோரிக்கை, பதில் வேண்டிய தேதி, பிரதிநிதிகளின் கையெழுத்து. ஒரு நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கச் சொல்லி, நீங்களே இருவர் போய் ஐந்து நிமிடம் விளக்க அனுமதி கேளுங்கள். குழு தீர்மானம் போட்டால் அந்த நகலோடு ஊராட்சிக்குப் போகலாம். கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே வாக்குரிமை பெரியவர்களுக்குத்தான். ஆகவே தீர்மானத்தை ஒரு பெற்றோர் முன்மொழியட்டும், கணக்கை நீங்கள் படித்துக் காட்டுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், இந்தப் பொருளுக்குப் பொருத்தமான கூட்டம். அதிலும் நகராவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் பெற்றோர் ஒருவர் கொடுக்கலாம். அதற்காக நீங்கள் வகுப்பைத் தவறவிட வேண்டியதில்லை. மனுவுக்குத் தரும் ஒப்புகைச் சீட்டின் எண்ணை மன்ற நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிரதிநிதிகள் அந்த எண்ணிலிருந்து தொடரட்டும்.